மரியாதைக்குச் சொன்ன எண்

காலை ஒன்பதரைக்கு டாக்டர் நளாயினி உள்ளே நுழைந்தபோது, காத்திருப்புக் கூடத்தில் ஆறுச்சாமி பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"உள்ள போனதும் ஜெல்லி தடவுவாங்க. சில்லுன்னு இருக்கும். அப்பவே 'அய்யோ அம்மா'ன்னு ஒரு சத்தம் விட்ரணும். புரிஞ்சுதா அம்மிணி?"

எதிரே உட்கார்ந்திருந்த பெண் தலையை மட்டும் ஆட்டினாள். வலது கையை இடது கையால் ஏந்தியிருந்தாள். பக்கத்தில் இருந்தவள்தான் பதில் சொன்னாள்.

"அதெப்படீங்க வலிக்காமயே கத்தறது?"

"வலிக்கறப்ப கத்தறதுக்கு இங்க எதுக்குங்க வரணும்? ஊட்லயே கத்தலாமே."

கூடம் சிரித்தது. நளாயினிக்கும் சிரிப்பு வந்தது.

"கத்தினா எண் ஏறாதுங்க. மெஷினுக்குக் காது கிடையாது."

"ஏறுதோ இல்லியோ டாக்டரம்மா, எனக்கு ஏழரைக்குக் கீழ எறங்குனதே இல்லீல்ல?"

ஆறுச்சாமி லாரி ஓட்டுநர். பஞ்சுப் பொதி விழுந்து பாதம் நசுங்கியவர். போன முறை போட்ட ஆறு மாத மருந்து சனிக்கிழமையோடு முடிகிறது. வலி இப்போதே திரும்பத் தொடங்கியிருந்தது. புதுப்பிக்க வந்திருந்தார்.

ஆறு மாத மருந்து ஒரே ஊசி. வலி ஓடும் நரம்பைச் சுற்றி விட்டால் ஆறு மாதத்துக்கு வலி மட்டும் நிற்கும். விரல் அசையும், தொட்டால் தெரியும். மருந்து குறைவாகத்தான் தயாராகிறது. கேட்பவர்கள் அதிகம். அதனால் தொழிலாளர் மருத்துவ வாரியம் வலிக்குச் சான்று கேட்டது. சான்று கொடுக்க மாவட்டத்துக்கு ஒரு மையம் வைத்தது. திருப்பூர் மையத்தில் மூன்று ஆண்டுகளாகக் கையெழுத்துப் போடுபவள் நளாயினி. அதற்கு முன் இருபது ஆண்டுகள் மயக்க மருந்து டாக்டராக அறுவை அரங்குகளில் இருந்தவள்.

கையை ஏந்தியிருந்த பெண்தான் முதலில் உள்ளே வந்தாள். பெயர் கோகிலவாணி. வயது நாற்பத்து நான்கு. பல்லடம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் வேலை. ஏழு மாதம் முன்பு பஞ்சைச் சீவும் கார்டிங் மெஷினில் கை மாட்டியது. முழங்கை எலும்பு கூடிவிட்டது. சுண்டுவிரலிலும் அடுத்த விரலிலும் எரிச்சல் நிற்கவில்லை. கூட வந்தவள் சுகுணா, கணவனின் தங்கை.

"காயற எண்ணெய்ல விரல விட்ட மாதிரி இருக்குதாமுங்க. பொழுதன்னைக்கும்," என்று சுகுணா ஆரம்பித்தாள்.

"சொல்ல வேண்டாம்க்கா. மெஷினே சொல்லிடும்," என்றான் ஜெரோம். மையத்தின் டெக்னீஷியன். அவன் சொன்னது சரிதான். படிவத்தில் அப்படி ஒரு கேள்வி இல்லை.

நளாயினி மேற்கையின் உள்பக்கம் ஜெல்லி தடவி, ஸ்கேன் கருவியின் புரோப்பை வைத்தாள். அல்ட்ராசவுண்ட் திரை சாம்பல் நிறத்தில் விரிந்தது. துடிக்கும் கறுப்பு வட்டம் ரத்தக்குழாய். அதன் அருகே தேனடை போல நரம்பு. மரத்துப்போகும் ஊசி போடும்போது அவள் தினமும் பார்த்துவந்த படம்தான். அந்த நாளில் அது ஊசிக்கு வழி காட்டியது, அவ்வளவுதான். இப்போது தேனடையின் அறைகளில் மஞ்சள் பொட்டுகள் மினுங்கின.

"அதென்னுங்க மஞ்சளா?" கோகிலவாணி கேட்டாள்.

"அதுதான் உங்க வலி. விரல்லேர்ந்து மேல போயிட்டிருக்கு. செய்தி போறப்ப நரம்பு துளியூண்டு அதிரும். அத மெஷின் பிடிச்சு நிறமாக் காட்டுது."

"பாக்க அழகாத்தான் இருக்குதுங்க."

திரையின் மூலையில் எண் வந்தது. 3.4.

ஜெரோம் உதட்டைப் பிதுக்கினான். ஆறுக்கு மேல் என்றால் உடனே சான்று. மூன்றுக்குக் கீழ் என்றால் வீட்டுக்கு. நடுவில் நிற்பவர்களுக்கு இரண்டு ஊசிச் சோதனை.

நளாயினி விளக்கினாள். "ரெண்டு ஊசி போடுவேன். ஒண்ணுல மரத்துப்போற சாதாரண மருந்து. ஒண்ணுல வெறும் உப்புத் தண்ணி. எது எதுன்னு எனக்கும் தெரியாது. ஒவ்வொண்ணு போட்டு அரை மணி கழிச்சு வலி குறைஞ்சுதான்னு கேப்பேன். உள்ளத உள்ளபடி சொல்லணும்."

"சரிங்க டாக்டர்."

"உப்புத் தண்ணிக்குக் குறைஞ்சுதுன்னு சொன்னா சோதனை அதோட முடிஞ்சிடும். சான்று கிடைக்காது."

"சரிங்க டாக்டர்."

சோதனை நேரத்தில் மஞ்சள் தெரியாது. வாரியம் அப்படி வைத்திருந்தது. டாக்டர் முகத்தைப் பார்த்து நோயாளி பதில் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. நளாயினி குனிந்தாள். ஊசி வெள்ளைக் கோடாகத் திரையில் நகர்ந்து நரம்பின் அடியில் நின்றது. திரவம் கறுப்பாகப் பரவி நரம்பைச் சூழ்ந்தது. உப்புத் தண்ணீரும் மருந்தும் திரையில் ஒரே கறுப்புதான்.

"இப்படியே குனிஞ்சுட்டு இருக்கீங்களே, உங்களுக்கு இடுப்பு நோவாதுங்களா?" என்று கோகிலவாணி கேட்டாள்.

அரை மணி நேரம் ஆனது. ஜெரோம் ஒலிப்பதிவை ஓடவிட்டான். நளாயினி திரையில் இருந்த கேள்வியை வாசித்தாள்.

"வலி குறைந்திருக்கிறதா?"

கோகிலவாணி நளாயினியைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள்.

"கொறஞ்சிருக்குங்க டாக்டர்."

நளாயினி ஐஸ் துண்டை எடுத்துச் சுண்டுவிரலில் வைத்தாள். வாரியத்தின் முறையில் ஐஸ் கிடையாது. அது அவளுடைய பழைய பழக்கம். கோகிலவாணி வெடுக்கென்று கையை இழுத்தாள். பல்லைக் கடித்தாள். விரல் மரக்கவே இல்லை. உள்ளே போனது உப்புத் தண்ணீர்.

ஐஸுக்குத் திரை காத்திருக்கவில்லை. எழுத்துகள் ஏற்கெனவே வந்துவிட்டன. சான்று மறுக்கப்பட்டது. மறு விண்ணப்பம் மூன்று ஆண்டுகளுக்குப் பின்.

"சரிங்க டாக்டர்," என்றாள் கோகிலவாணி. "உங்களுக்கும் சிரமம் குடுத்துட்டேன்."

சுகுணா எழுந்துவிட்டாள். "அண்ணி, நெசமாவே கொறஞ்சுதா?"

கோகிலவாணி குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தியும் எல்லோருக்கும் கேட்டது. "இத்தன நேரம் குனிஞ்சு நின்னு போட்டிருக்காங்க. ஒண்ணுமே ஆகலீன்னு மூஞ்சிக்கு நேரா எப்படிடி சொல்றது?"

சுகுணா நளாயினி பக்கம் திரும்பினாள். "இது இப்படித்தானுங்க. கல்யாணமாகி வந்த புதுசுல எங்கம்மா கொழம்புக்கு ரெண்டு தடவ உப்பப் போட்டுட்டாங்க. வாயில வெக்க முடியல. இது 'நல்லாருக்குங்க அத்தை'ன்னு இன்னொருக்கா வாங்கி ஊத்திக்கிச்சு. அப்புறம் ஒரு கொடம் தண்ணி குடிச்சுது. இதுகிட்டப் போயி வலி கொறஞ்சுதான்னு கேட்டா வேற என்னுங்க சொல்லும்?"

ஜெரோம் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டான்.

தட்டில் இரண்டாவது ஊசி இருந்தது. நளாயினி அதை எடுத்தாள்.

"மேடம், அது குப்பைக்குப் போகணும்."

"தெரியும்."

"சோதனை முடிஞ்சிருச்சு மேடம்."

"சோதனைக்கு இல்ல ஜெரோம். அவங்களுக்கு."

மறுபடி புரோப், மறுபடி வெள்ளைக் கோடு, மறுபடி கறுப்பு. இந்த முறை ஒலிப்பதிவு இல்லை. நளாயினி எதையும் கேட்கவும் இல்லை. பக்கத்து அறையில் ஒரு சாய்வு நாற்காலி இருந்தது. கோகிலவாணியை அதில் உட்காரச் சொன்னாள்.

கால் மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தபோது கோகிலவாணி தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது. இடது கை மடியில் கிடந்தது. வலது கை நாற்காலிக்கு வெளியே தொங்கியது. நளாயினி ஐஸைச் சுண்டுவிரலில் வைத்தாள். அசைவில்லை.

சுகுணா வாசலில் நின்று பார்த்தாள். "ஏழு மாசத்துல இப்படித் தூங்கிப் பாக்கலீங்க. தலகாணி மேல கைய வெச்சுட்டு விடிய விடிய உக்காந்திருக்கும். எப்படி அண்ணி இருக்குதுன்னா 'இப்பத் தேவலை'ங்கும்."

இப்பத் தேவலை. நளாயினிக்கு அந்தச் சொல் தெரியும். பல ஆயிரம் முறை கேட்ட சொல்.

அவள் சோதனை அறைக்குத் திரும்பினாள். "காலையில எடுத்த படத்தத் திற. எண் வந்த படம்."

ஜெரோம் திறந்தான். 3.4.

"ஆண்னு மாத்து."

"மேடம்?"

"படம் அப்படியே இருக்கட்டும். படிவத்துல பெண்ங்கறத எடுத்துட்டு ஆண்னு போடு. சேமிக்க வேண்டாம்."

ஜெரோம் மாற்றினான். திரை ஒரு நொடி யோசித்தது. 7.2.

மறுபடி பெண் என்று போட்டான். 3.4. மறுபடி ஆண். 7.2.

"ஆறுச்சாமி அண்ணன்கிட்ட நெருங்கிட்டாங்க," என்றான் ஜெரோம். அவன் குரலில் கேலி இல்லை.

நளாயினி சென்னைக்குப் பேசினாள். வாரியத்தின் இயந்திரப் பிரிவில் கிருத்திகா இருந்தாள். படிக்கும் காலத்தில் நளாயினிக்கு ஜூனியர். செய்தியைக் கேட்டதும் அவள் திருப்பிக் கேட்டாள்.

"உங்களுக்கு இப்பதான் தெரியுமா மேடம்?"

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஒரு வருஷமா சந்தேகம். மஞ்சளப் பாக்கறது மெஷினுக்குக் கஷ்டமில்ல. எவ்வளவு மஞ்சள்னா எவ்வளவு வலிங்கறத யாராவது அதுக்குச் சொல்லித் தரணும்ல? மஞ்சளுக்குப் பக்கத்துல ஒரு எண் வேணும். நோயாளி வாயால சொன்ன எண்."

"அந்த எண் எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"ஆபரேஷன் முடிஞ்சவங்களுக்கு நரம்புல குழாய் வெச்சு மருந்து விடுவோமே, அந்த வார்டுலேர்ந்து. தினமும் ஸ்கேன், அதுலேர்ந்து மஞ்சளப் பின்னாடி பிரிச்சு எடுத்துக்கிட்டோம். கூடவே தினமும் பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள ஒரு எண். ஒன்பதாயிரம் பேர். ஒழுங்கா எழுதி வெச்ச நோட்டு இந்த மாநிலத்துலயே அது ஒண்ணுதான் இருந்துச்சு." கிருத்திகா நிறுத்தினாள். "உங்க நோட்டு மேடம்."

நளாயினிக்கு அந்த வார்டு நினைவிருந்தது. நாற்பது கட்டில். காலை எட்டுக்குள் முடிக்க வேண்டும். புரோப்பை வைப்பாள், படத்தைச் சேமிப்பாள், கேட்பாள். ஆண்கள் கத்தினார்கள். எட்டு என்றார்கள், ஒன்பது என்றார்கள், உன் ஊசியும் நீயும் என்றார்கள். பெண்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் கால் ஏற்கெனவே அடுத்த கட்டிலை நோக்கித் திரும்பியிருக்கும். இப்பத் தேவலங்க, என்றார்கள். அவள் இரண்டு என்று எழுதினாள். அதே மஞ்சள் பெண்ணிடம் இருந்தால் வலி குறைவு என்று மெஷின் கற்றுக்கொண்டது. அந்த நோட்டுக்காக அவளுக்குப் பதக்கம் கொடுத்தார்கள்.

"இத வாரியத்துக்கு எழுதினா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"புகார் வந்தா எல்லாச் சான்றும் நிக்கும். விதி அப்படி. புதுசாக் கணக்குப் போட்டு முடிக்கற வரைக்கும் யாருக்கும் மருந்து கிடையாது. பதினோராயிரம் பேர் மேடம். ஒரு வருஷம் ஆகலாம்."

"எழுதலைன்னா?"

"ரெண்டு வருஷத்துல மெஷின மாத்துவாங்க. அப்ப சத்தமில்லாம சரி பண்ணிடலாம். நான் பாத்துக்கறேன்."

போனை வைத்த பிறகு நளாயினி ஜெரோமிடம் கேட்டாள். "மூணு வருஷத்துல எத்தன பெண்களத் திருப்பி அனுப்பியிருக்கோம்?"

அவன் தேடிப் பார்த்தான். "அறுநூத்துப் பன்னெண்டு."

"ஆண்கள்?"

"நாப்பத்தொண்ணு."

இரண்டு பட்டியலிலும் கையெழுத்து ஒன்றுதான்.

மதியம் ஒரு மணிக்கு அவள் அரைப் பக்கம் எழுதினாள். ஒரே படத்துக்குப் பெண் என்றால், ஆண் என்றால் வந்த இரண்டு எண்களையும் எழுதினாள். நோட்டு யாருடையது என்று எழுதினாள். அதில் கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது என்று எழுதினாள். பெயர் போடாமல், இரண்டாவது ஊசிக்குப் பிறகு ஒரு பெண் தூங்குகிறாள் என்றும் எழுதினாள். சாட்சியாக அதைத்தான் அதிகம் நம்பினாள். தூங்குகிறவள் யார் முகத்தையும் பார்த்துத் தூங்குவதில்லை.

அனுப்பினாள். ஐந்து நிமிடத்தில் மையத்தின் திரைகள் வரிசையாக அணைந்தன.

வெளியே போய், எல்லாச் சான்றும் நின்றுவிட்டதை ஜெரோம் சொன்னான். பிறகு ஆறுச்சாமி கம்பை ஊன்றிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார்.

"டாக்டரம்மா, நான் பொய் சொன்னனுங்களா?"

"இல்லைங்க."

"என் கால்ல வலி இருக்குதா இல்லியா?"

"இருக்குங்க."

"அப்புறம் எனக்கெதுக்கு நிறுத்தறீங்க?"

நளாயினி காரணத்தைச் சொன்னாள். அவர் முழுவதும் கேட்டார்.

"ஆக, பொம்பளைக சொல்லாததுக்கு நான் அனுபவிக்கோணும்."

"நான் சரியாக் கேக்காததுக்கு."

"யாரு கேக்காததோ. சனிக்கிழமைக்கு மேல நான் எப்படிங்க கிளட்ச் மிதிக்கறது?"

அன்று முழுக்க அவர் கத்தாமல் பேசியது அப்போதுதான். பிறகு போனார். கம்பின் சத்தம் படி வரைக்கும் கேட்டது.

இரண்டரைக்குக் கோகிலவாணி விழித்தாள். சுகுணா நடந்ததை முன்னும் பின்னுமாகச் சொன்னாள். நளாயினி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னாள். எண் மாறியதை, நோட்டை, கடிதத்தை. கோகிலவாணி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

"அப்ப அந்த லாரிக்கார அண்ணனுக்கு?"

"அவருக்கும் இல்லை."

"எனக்கு?"

"உங்க மறுப்பு ரத்தாகும். ஆனா மருந்து வர ஒரு வருஷம் ஆகலாம்."

கோகிலவாணி வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். விரல்களை மெதுவாக மடக்கினாள். மரத்துப்போனது தெளியத் தொடங்கியிருந்தது. இடது கை தானாக வந்து அதை ஏந்திக்கொண்டது.

"நான் செஞ்சது சரிதானே?" என்று நளாயினி கேட்டாள். கேட்ட பிறகுதான் அதை எப்படிக் கேட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது.

கோகிலவாணி அவள் முகத்தைப் பார்த்தாள். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தாள்.

"இல்லீங்க டாக்டர்."

சுகுணா திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"நான் தூங்கிட்டு இருந்தப்ப எழுதி அனுப்பீட்டீங்க. ஒரு வார்த்த எழுப்பிக் கேட்டிருக்கலாமுங்க."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"சரிங்கன்னுதான் சொல்லியிருப்பேன்."

"அதான்…"

"அதுக்காகக் கேக்காமயே உட்டுர்றதுங்களா?"

ஜெரோம் வாசலில் பையோடு நின்றிருந்தான். திரும்பி வெளியே போனான்.

நளாயினி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அடுத்துப் போக அவளுக்குக் கட்டில் இல்லை, திரை இல்லை, வரிசை இல்லை. கோகிலவாணியின் விரல்கள் சுருங்குவது தெரிந்தது. உதடு உள்ளே மடிந்தது. எரிச்சல் திரும்பிவிட்டது.

"இப்ப எவ்வளவு?" என்றாள் நளாயினி. "பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள."

கோகிலவாணி உடனே வாய் திறந்தாள். மூடிக்கொண்டாள். சுகுணாவைப் பார்த்தாள். சுவரில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நளாயினி எழுந்திருக்கவில்லை.

"ஒம்போதுங்க," என்றாள் கோகிலவாணி. இன்னும் கொஞ்சம் யோசித்தாள். "ஒம்போதுக்கும் மேலதானுங்க இருக்கும்."

நளாயினி பேனாவை எடுத்தாள். அணைந்த திரைகளுக்கு நடுவே, அந்த எண்ணை எதில் எழுதுவது என்று தேடினாள்.